குவாதலூப் கடற்கரைகள்: குழந்தைகளோடு போகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்கலாம்

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறோம், எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கூடவே ஒரு படமும் அனுப்புவார்கள். படத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். தென்னை, வெளுத்த மணல், நீலத் தண்ணீர். நாலு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், முழங்கால் வலியோடு மாமியார் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் வந்தவள் நான். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது: அந்தக் கரைக்கு எதிரே பவளத்திட்டு இருக்கிறதா, காற்று அதன் முகத்தில் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா. இது தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகளை எங்கே தண்ணீரில் விடலாம் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

தீவின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இரண்டு இறக்கைகள் தெரியும், நடுவில் சாலே ஆறு என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய். கிழக்கு இறக்கை கிராந்த்-தேர். சுண்ணாம்புக்கல் நிலம், தட்டையானது, தென்கரை நெடுக வெள்ளை மணலும் பவளத்திட்டுகளும். மேற்கு இறக்கை பாஸ்-தேர். அது எரிமலை நிலம். சூஃப்ரியேர் எரிமலை 1467 மீட்டர், கரீபியனின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிற்றாந்தில் தீவுகள் எல்லாவற்றிலும் உயரமான சிகரம் அதுதான். மழைக்காடு, அருவி, கறுத்த மணலும் செம்மணலுமான கரைகள், இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஆழமாகும் கடல். காற்று ஏறக்குறைய வருடம் முழுவதும் கிழக்கிலிருந்துதான். அதனால் கிழக்கு பார்த்த கரைகளில் அட்லாண்டிக் அலை நேராக வந்து மோதும், மேற்குக் கரைகளில் மலை காற்றைத் தடுப்பதால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிராந்த்-தேரின் தென்கரையில் அலையை மறிக்கும் வேலையைப் பவளத்திட்டு செய்கிறது. வயலுக்கு வரப்பு கட்டியது போல, கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி அலை உடைந்துவிடும், உள்ளே தண்ணீர் சமமாக நிற்கும்.

நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம், ஓர்லி விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய எட்டரை மணி நேரப் பயணம். குவாதலூப் பிரான்சின் ஒரு மாகாணம்தான், யூரோதான் செலவாகும், வண்டியும் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரலாம் என்கிற ஷெங்கன் பகுதிக்குள் அது வராது. பிரெஞ்சுக் குடியிருப்பு அட்டை இருப்பவர்களுக்கு அதனால் சிக்கல் இல்லை. ஊரிலிருந்து உறவினர்களை வரவழைத்து உடன் கூட்டிப் போக நினைப்பவர்கள், சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா அங்கே செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விசா விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த பகுதிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, கடற்கரைக்கு வருவோம்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் சேன்த்-ஆன் ஊர்க் கடற்கரைக்குப் போங்கள். ஊரின் நடுவிலேயே இருக்கிறது, பக்கத்தில் சந்தை, சாப்பாட்டுக் கடைகள், கழிப்பறை, மருந்துக்கடை எல்லாம் நடக்கும் தூரம். எதிரே பவளத்திட்டு இருப்பதால் தண்ணீர் இடுப்புக்குக் கீழேயே வெகுதூரம் போகிறது, வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. விமானக் களைப்பும் ஐந்து ஆறு மணி நேர வித்தியாசமும் சேர்ந்து குழந்தைகள் விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார்கள், அதை எதிர்த்துப் போராடாமல் ஏழு மணிக்கே கரையில் இருங்கள். அந்த நேரத்தில் உள்ளூர்ப் பாட்டிகள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் மாமியார் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். அவர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் புடவைக்குப் பதில் சுடிதாரோடு வந்து இடுப்பளவு இறங்கிவிட்டார். தண்ணீரில் நிற்கும்போது முழங்காலுக்கு பாரமே தெரியவில்லை என்று சொன்னார், அதன் பிறகு தினமும் காலையில் அவர்தான் எங்களைக் கிளப்பினார்.

அதே ஊருக்குப் பக்கத்தில் கரவேல் கடற்கரை இருக்கிறது. பெரிய விடுதி ஒன்று ஒட்டியே இருப்பதால் அது தனியார் கரை என்று பலர் நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். கடலோரம் பொதுச்சொத்து, கரையோரமாகவே நடந்து போகலாம். மணலும் தென்னையும் இங்கேதான் படத்தில் வருகிற மாதிரி. ஆனால் கூட்டமும் அதிகம், பிற்பகலில் நிழலுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால் நாலு வயதுக்காரிக்கு உகந்தது புவா-ஜொலான்தான். சேன்த்-ஆனைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம். நீளமான கரை, வண்டியை மரத்தடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தலாம், தண்ணீர் முழங்காலளவில் தொடங்கி அப்படியே போய்க்கொண்டே இருக்கும். என் பெண் உட்கார்ந்தபடியே மணி நேரக்கணக்கில் விளையாடினாள், எனக்கும் அவளைக் கண்கொட்டாமல் காவல் காக்க வேண்டிய பதற்றம் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், முழங்காலளவுத் தண்ணீரிலும் பெரியவர் ஒருவர் கை நீட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். கடைகள் அதிகம் இல்லாததால் சாப்பாடு, குடிதண்ணீர் எல்லாம் கையில் கொண்டு போங்கள். சில இடங்களில் அடியில் கடற்புல் இருக்கிறது, கால் வைக்கப் பயப்படும் குழந்தைக்கு ரப்பர்க் காலணி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ரப்பர்க் காலணி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோசியேவுக்கும் சேன்த்-ஆனுக்கும் இடையில் பெத்தி-ஆவ்ர் என்று சின்னச் சின்ன வளைகுடாக்களாக ஒரு கரை இருக்கிறது, மீனவர் படகுகள், பாறைகள், முகமூடி போட்டு மீன் பார்க்க நல்ல இடம். அங்கே பாறை இடுக்கில் என் பையன் கடல் முள்ளெலி மேல் கால் வைத்துவிட்டான். முள் நாலைந்து குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரம்மா பதற்றமே இல்லாமல், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இடுக்கியால் எடுங்கள், வெந்நீரில் காலை ஊற வையுங்கள், உள்ளே இருப்பதைத் தோண்டாதீர்கள் என்று சொல்லி ஒரு கிருமிநாசினி கொடுத்தார். இரண்டொரு நாளில் ஓடியாட ஆரம்பித்துவிட்டான். பாறை இருக்கிற கரைகளில் காலணி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

இனி சர்காசும். இதைப் பற்றித் தெரியாமல் தென்கரையில் பணம் கட்டி விடுதி எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. பழுப்பு நிறக் கடற்பாசி, அட்லாண்டிக்கில் மிதந்து வந்து கரையில் குவிகிறது. 2011 முதல் கரீபியன் முழுவதும் இது பெரிய தொல்லை. பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும் அதிகம் வரும், ஆனால் காற்றும் நீரோட்டமும் மாறினால் ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழாகும். புதிதாக ஒதுங்கும்போது அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் கிடந்து அழுக ஆரம்பித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம், தலைவலி, கண் எரிச்சல். ஆஸ்துமா உள்ள குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் யாரும் அந்தப் பக்கம் போகவே கூடாது. கிழக்கு, தெற்கு பார்த்த கரைகள்தான் அதிகம் பாதிக்கப்படும், புவா-ஜொலானும் அதில் அடக்கம். பாஸ்-தேரின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பித்துவிடும். மெத்தெயோ-பிரான்ஸ் வானிலை நிறுவனம் சர்காசும் முன்னறிவிப்பை நிறம் பிரித்து வெளியிடுகிறது, முந்தின இரவே பார்த்துவிட்டு மறுநாள் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தோம். தெற்கில் பாசி என்றால் வடக்கே பொர்-லூயியில் உள்ள சூஃப்ளேர் கடற்கரை. கிராந்த்-தேரிலேயே அது மேற்கு பார்த்த கரை, பொன்னிற மணல், தாராளமான மர நிழல், உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சமையல் பாத்திரங்களோடு வந்து நாள் முழுவதும் இருக்கிற இடம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை வருகிற நாட்கள் உண்டு, அப்போது மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

குளிக்கவே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழகான இடங்களில் பாதி அப்படித்தான். கிழக்கு முனையில் ஷாத்தோ முனை, குன்றின் மேல் பெரிய சிலுவை, தூரத்தில் தெசிராத் தீவு, சுற்றிலும் அலை பாறையில் அடித்து நுரைக்கிற காட்சி. காலையில் வெயில் ஏறும் முன் போய் ஏறிப் பாருங்கள், கீழே மரவாளியில் சுழற்றிச் செய்து தருகிற தேங்காய் ஐஸ் வாங்கிக் கொடுங்கள், கடலில் மட்டும் விடாதீர்கள். அங்கே நீரோட்டம் நீச்சல் தெரிந்த பெரியவர்களையே இழுத்துவிடும். அதேபோல வடக்கே ஆன்ஸ் லபோர்த். பார்க்கத்தான், இறங்க அல்ல.

பாஸ்-தேர் பக்கம் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், முடிந்தால் அந்தப் பக்கமே சில இரவுகள் தங்க வேண்டும். சேன்த்-ஆனிலிருந்து மலந்தூர் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காலை வேளையில் பெரிய நகரமான புவாந்த்-அ-பித்ரைச் சுற்றி நெரிசல் மாட்டிக்கொண்டால் இன்னும் அதிகம். நாங்கள் ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். தேசியப் பூங்காவின் நடுவே மலையைக் குறுக்காகக் கடக்கிற சாலை இருக்கிறது, அதன் ஓரத்திலேயே எக்ரவீஸ் அருவி. வண்டியை நிறுத்தி சில நிமிடம் நடந்தால் போதும், பாதை சீராக இருந்ததால் மாமியாரும் மெதுவாக வந்துவிட்டார். எட்டரை மணிக்குள் போனால் அருவி உங்களுக்கு மட்டும்தான், பத்து மணிக்குப் பேருந்துகள் வந்துவிடும். கரையில் கொளுத்துகிற வெயில் இருந்தாலும் மலையில் மழை கொட்டும், எல்லோருக்கும் ஒரு மேல்சட்டை வேண்டும். மேலே மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் திடீரென்று ஏறும். தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலே குழந்தைகளை வெளியே எடுத்துவிடுங்கள், காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

மலந்தூர் மணல் கறுப்பு, மத்தியானம் வெறுங்காலில் நடக்க முடியாத சூடு. ஆனால் எங்கள் பையனைக் கேட்டால் குவாதலூப் என்றாலே மலந்தூர்தான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடற்புல் மேயும் பச்சை ஆமைகள். முகமூடியும் குழாயும் போட்டுக்கொண்டு அப்பாவோடு போனவன், தண்ணீருக்குள்ளிருந்தே குழாய் வழியாகக் கத்தியது கரையில் இருந்த எனக்குக் கேட்டது. ஆமையைத் தொடக்கூடாது, பின்னால் துரத்தக்கூடாது, அது மூச்சுவிட மேலே வரும்போது மேலே நின்று மறிக்கக்கூடாது. இதைக் கரையிலேயே சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, பிறகு அனுப்புங்கள். எதிரே பிஜோன் தீவுத்திட்டுகள், கடலாய்வாளர் கூஸ்தோ பெயரில் அறியப்படும் கடல் காப்பகம். நீந்தத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடிப்பலகை வைத்த படகு உண்டு. மாமியாரும் சின்னவளும் அதில் போனார்கள். எழுபது வயதில் முதல்முறையாகக் கடலுக்கு அடியில் பார்க்கிறேன் என்று அன்று இரவு காரைக்காலுக்குத் தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே கரையில் வடக்கே தெயே ஊர். அங்கே தாவரத் தோட்டம் ஒன்று இருக்கிறது, நடிகர் கொலுஷின் நிலமாக இருந்த இடம். கிளிகள் கையில் வந்து உட்காரும், பூநாரைகள், அல்லிக்குளம், தள்ளுவண்டி போகிற பாதைகள். காலையில் தோட்டம், மதியம் நிழலில் சாப்பாடு, நாலு மணிக்கு மேல் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரை என்று பிரித்துக்கொண்டால் குழந்தைகள் சோர்வதில்லை. கிராந்த்-ஆன்ஸ் மிக அழகு, ஆனால் கரை சட்டென்று சரிகிறது, அலை காலடியிலேயே உடைகிறது. நாலு வயதுக்காரிக்கு அது ஏற்ற இடம் இல்லை, மணலில் குழி தோண்ட விட்டோம். பெரியவன் அலையில் புரண்டான். ஒரே கடற்கரை ஒரு பிள்ளைக்குச் சொர்க்கம், இன்னொன்றுக்கு ஆபத்து என்பதை அங்கேதான் நேரில் பார்த்தேன். அதனால்தான் யாராவது “குழந்தைகளுக்கு நல்ல கடற்கரை” என்றால் எந்த வயதுக் குழந்தை என்று திருப்பிக் கேட்கிறேன்.

படகுப் பயணங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு சேன்த்-ரோஸிலிருந்து போகும் கிரான் கூல்-த-சாக் கடல்வெளி. இரண்டு இறக்கைகளுக்கும் வடக்கே பவளத்திட்டால் மூடப்பட்ட பெரிய உப்பங்கழி, அலையாத்திக் காடு, பெலிக்கன்கள், நடுக்கடலில் மணல்திட்டு. திட்டு உள்ளே அலை வராமல் தடுத்துவிடுவதால் படகு ஆடுவது குறைவு. இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி விடுவார்கள், அங்கேயே மதியச் சாப்பாடும் தருவார்கள். நிழல் இல்லாத திட்டுகள் உண்டு, அதனால் முழுக்கைச் சட்டை கட்டாயம்.

இதற்கு நேர்மாறு பெத்தித்-தேர். மனிதர் குடியிருக்காத இரட்டைத் தீவு, 1998-லிருந்து இயற்கைக் காப்பகம், உடும்பு போன்ற இகுவானாக்கள் கரையெங்கும், உப்பங்கழியில் குட்டி எலுமிச்சைச் சுறாக்கள். சேன்-பிரான்சுவாவிலிருந்து போகும்போது காற்றுக்கும் அலைக்கும் எதிராகப் போக வேண்டும், திறந்த கடல். நான் சின்னவளோடு கரையில் இருந்துவிட்டேன், கணவரும் பையனும் போனார்கள். படகில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்களாம், இவன் கடைசி வரிசையில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து தப்பித்தான். திரும்பி வந்து இகுவானா பற்றி அவன் பேசியதைக் கேட்டால் அந்தக் கஷ்டத்துக்குத் தகும் என்றுதான் தோன்றும், ஆனால் ஏழெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்று கட்டுப்பாடு இருப்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சேன்த் தீவுகளுக்கு எல்லோருமே போகலாம். த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான், புவாந்த்-அ-பித்ரிலிருந்து போனால் நேரம் அதிகம், ஆட்டமும் அதிகம். அந்தக் குறுகிய பயணத்திலும் நடுவிலுள்ள கடல் சில நாள் குலுக்கும், பின்பக்கம் காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், காலையில் கனமாகச் சாப்பிட வைக்காதீர்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான தேர்-த-ஓவின் துறையில் இறங்கியதும் நாப்போலியன் கோட்டைக்கு ஏறிவிட வேண்டும், காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். ஏற்றம் செங்குத்து, வெயிலில் நடக்கவே வேண்டாம், துறையிலேயே வாடகை வேன்கள் நிற்கும். மேலிருந்து விரிகுடாவைப் பார்த்துவிட்டு நேராக பொம்பியேர் கடற்கரை. வாய் குறுகின, ஏறக்குறைய வட்டமான குடா, எதிரே பாறைகள் அலையை மறிக்கின்றன, உள்ளே குளம் மாதிரி தண்ணீர். ஆடுகளும் கோழிகளும் சாப்பாட்டுப் பையைத் தேடி வரும், பையை மூடியே வையுங்கள். துறையில் பெண்கள் கூடையில் விற்கிற சின்னத் தேங்காய்ப் பணியாரத்தை, தேங்காய்ப் பாகு உள்ளே வைத்துச் சுட்டது, இறங்கியவுடனேயே வாங்கிவிடுங்கள். மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

த்ருவா-ரிவியேர் போகிற வழியில்தான் கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர். எங்களுக்கு அது வெறும் வழித்தடம் இல்லை. 1848-ல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரைக்கும் வந்தவர்கள் 40,000-க்கும் மேல். கப்பெஸ்தேரைச் சேர்ந்த ஆன்ரி சிதம்பரம் 1904-ல் தொடங்கி நடத்திய நீண்ட வழக்கின் பலனாக 1923-ல்தான் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற உரிமை உறுதியானது. இன்றைக்கும் கடைப் பலகைகளிலும் தபால் பெட்டிகளிலும் ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள். காரைக்காலில் பிறந்து வளர்ந்த என் மாமியார் வண்டி ஜன்னல் வழியாக அவற்றைப் படித்துக்கொண்டே வந்தார். ஷாஞ்சி கோயில் சாலையோரமாகவே இருக்கிறது, வண்ணச் சிற்பங்களோடு. உள்ளே இருந்த பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, பிரெஞ்சும் உள்ளூர்க் கிரியோல் மொழியும்தான். அத்தை மாரியம்மன் தாலாட்டை மெதுவாக முணுமுணுத்ததும் அந்தப் பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டு கர்ப்பகிரகத்துக்கு அருகே கூட்டிப் போய் நிறுத்தினார். அத்தை அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நின்றதால் அன்றைக்கு அருவித் திட்டத்தைத் தள்ளிப்போட்டோம், அதில் எங்களில் யாருக்கும் குறையில்லை. ஒருநாள் பயணம் என்று போட்டுக்கொண்டு கப்பெஸ்தேரை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடாதீர்கள். சில பூஜைகளில் ஆட்டுப்பலி உண்டு, குழந்தைகளோடு போகிறவர்கள் அன்றைக்கு என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நுழைவது நல்லது.

தள்ளிப்போட்ட அருவி கர்பே. மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர், வாகன நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை, படிகள் உண்டு. சின்னவளைக் கணவர் தூக்கிக்கொண்டார். அடிவாரம் வரை போக விடுவதில்லை, பார்வை மேடையிலிருந்து பார்க்கலாம், அதுவே போதும். அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்றுக் குளங்களும் இருக்கின்றன. அவற்றில் தலையை முக்கக்கூடாது என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுக்கக்கூடியது, தீவில் ஒரு குழந்தை அப்படி இறந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் தலையை முக்காதே என்று சொல்லி நடக்குமா? நாங்கள் பிள்ளைகளை இறக்கவேயில்லை.

கடற்கரையில் இன்னொரு எச்சரிக்கை, மான்செனியே மரம். சின்னப் பச்சை ஆப்பிள் போலப் பழம், பால் பட்டாலே தோல் வெந்துவிடும், பழத்தைக் கடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். மழை வந்தால் அதன் கீழே ஒதுங்கக்கூடாது, இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே எரியும். கரையில் கிடக்கும் எந்தப் பழத்தையும் தொடக்கூடாது என்று ஒரே விதியாகப் போட்டுவிட்டோம்.

வெயில் நேரம் பதினொன்றிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்தில் வீட்டில் சாப்பாடு, தூக்கம், அப்புறம் மறுபடி கடல். ஆனால் மாலை ஐந்தரை, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், அந்தி என்று ஒன்று நீடிப்பதே இல்லை, உடனே இருட்டு, உடனே கொசு. கண்ணுக்குத் தெரியாத மணல்பூச்சியும் கடிக்கும். டெங்கு உள்ள ஊர், அதனால் ஐந்து மணிக்கே குழந்தைகளுக்குக் கொசு மருந்து தடவிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தருகிற பொக்கிட், கருவாட்டு மாவில் செய்த அக்ரா, மஞ்சளும் கொத்தமல்லியும் சீரகமும் வெந்தயமும் கடுகும் சேர்த்து அரைத்த பொடியில் செய்கிற கொலொம்போ. அந்தப் பொடியில் காரம் கம்மி, மிளகாயைத் தனியாகத்தான் வைப்பார்கள், அதனால் என் பெண் ஆட்டுக்கறிக் கொலொம்போவைச் சோற்றில் பிசைந்து தட்டைக் காலி செய்தாள். சூப்பர்மார்க்கெட்டில் பிரான்சைவிட விலை கூடுதல், ஏனென்றால் பாதிச் சாமான் கப்பலில் வருகிறது. காய், பழம், மீன் எல்லாம் சந்தையில் வாங்குங்கள்.

வீடு எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பதுதான். தீவில் குழாய்த்தண்ணீர் முறை வைத்து நிறுத்தப்படுவது பல ஊர்களில் வழக்கம். நாங்கள் முதலில் தங்கிய வீட்டில் தொட்டி இல்லை, உப்பும் மணலுமாக வந்த பிள்ளைகளைக் குடிதண்ணீர்ப் புட்டியால் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. அதோடு, ஒரே இடத்தில் முழு விடுமுறையையும் கழிக்காதீர்கள். பாதியைச் சேன்த்-ஆன் பக்கம், பாதியைத் தெயே அல்லது மலந்தூர் இருக்கிற புயாந்த் பக்கம் எடுத்தால் வண்டியில் கழிகிற நேரம் பாதியாகக் குறையும், சர்காசும் வந்தாலும் பாதி விடுமுறை தப்பிக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு வண்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், குழந்தை இருக்கை அதைவிடச் சீக்கிரம் தீரும், அதனால் விமானச்சீட்டு எடுத்த அன்றே இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். கடலில் ஏதாவது ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 196, கைபேசியில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.